புளிப்பில் கரையாத பூச்சு

புது மாத்திரை அட்டை வந்தால் பூச்சுக்காரர் முதலில் ஒன்றைப் பிதுக்கி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். இரண்டு விரல்களுக்கு நடுவே மெதுவாக உருட்டுவார். மருந்தின் பெயரையோ காலாவதித் தேதியையோ பார்ப்பதில்லை, அதெல்லாம் வீட்டுக்கு வந்து போகும் நர்ஸான என் வேலை. அவர் பார்ப்பது விளிம்பை மட்டும். "இங்கதான்க்கா முதல்ல உரியும். நடுவுல எவன் வேணா பூசிடுவான்" என்பார். பிறகு, விடைத்தாள் திருத்திய வாத்தியார் முகத்தோடு மாத்திரையை என் கையில் வைப்பார்.

மருந்து ஆலையில் மாத்திரைகளுக்கு மேல்பூச்சு போட்டு ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பூச்சு ஒரு வினோதமான தோல். வயிற்றின் புளிப்பில் ஊறினாலும் அசையாது. குடலுக்குப் போய்ப் புளிப்பு குறைந்ததும் தானாகக் கரைந்து மருந்தை வெளியே விடும். வயிற்றிலேயே கெட்டுப்போகக்கூடிய மருந்துகளுக்கு அதுதான் சட்டை.

சுழலும் பெரிய எஃகுப் பாத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். "உள்ள மாத்திரை புரள்றது தகரத்து மேல மழை பெய்யற மாதிரி இருக்கும்க்கா. ஈரம் கூடிட்டா சத்தம் மந்தமாயிடும். கண்ணை மூடிட்டே சொல்லிடுவேன்." விடுமுறை நாட்களில் வீடு ரொம்ப அமைதியாக இருந்து அவருக்குத் தூக்கமே வராதாம்.

அவர் மனைவி அதே ஆலையில் சோதனை அறையில் இருந்தார். இவர் பூசிய மாத்திரைகளைப் புளிப்புத் திரவத்தில் போட்டுக் காத்திருப்பது அவர் வேலை. ஒன்று கசிந்தாலும் கதவருகே வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "உங்க மாத்திரை அழுதுடுச்சு" என்பாராம். இருவருக்கும் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. "அதைக் கேக்கறதுக்காகவே ஒரு தடவை மெல்லிசா பூசினேன்னு வெச்சுக்கோங்க" என்று பூச்சுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். நான் நம்பவில்லை. வேலையில் அப்படி விளையாடும் ஆளில்லை அவர்.

அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபின் காலை வேளைகளில் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். பேச்சு அநேகமாகப் போய்விட்டது. வாயில் எது போனாலும் மெல்லுகிறார். வயிற்றில் புண், ஒருமுறை ரத்தமும் கசிந்திருக்கிறது. அதற்கான மாத்திரையை மென்றால் பூச்சு உடைந்து மருந்து வீண். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கையில் ஒட்டிய பிளாஸ்திரியையே பிய்த்து எறிகிறவர் அந்த அம்மா. குழாய் போட்டால் கைக்கு உறை மாட்டிக் கட்டவேண்டி வரலாம் என்று நான் மறைக்காமல் சொன்னேன். அன்று பூச்சுக்காரர் சாப்பிடவில்லை.

மறுநாள் போனபோது சமையலறையில் சர்க்கரைப் பாகு வாசனை. மனிதர் ஒரு கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே மாத்திரைகள்.

"என்ன தம்பி இது?"

"மேல இன்னொரு பூச்சுக்கா. வழவழன்னு இருந்தா தானா வழுக்கிட்டு உள்ள போயிடும்ல?"

நான் தடுப்பதற்குள் ஒன்றை ஊட்டிவிட்டார். அந்த அம்மா கடக் கடக்கென்று ரசித்து மென்றுவிட்டு, இன்னொன்றுக்கு வாயைத் திறந்தார்.

"இனிப்பைக் குடுத்துட்டு மெல்லாதேன்னா யாரு கேப்பாங்க?"

"மினுமினுப்பு நல்லாத்தான் வந்துச்சு" என்று முனகினார்.

நான் மருத்துவரிடம் கேட்டேன். அதே மருந்து கேப்ஸ்யூலில் வருகிறது. உள்ளே சின்னச் சின்னக் குருணைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூச்சு. பிரித்து, புளிப்பான பழக்கூழில் கலந்து, மெல்லாமல் விழுங்கவைக்கலாம் என்றார். கூழ் என்றால் அந்த அம்மா மெல்ல மாட்டார் என்பது என் கணக்கு.

"குருணையா? அது எதிர் செக்‌ஷன் வேலைக்கா. கடுகு உருட்டற பசங்க. அவனுங்க பூச்சை நம்பியா இவளை விடறது?"

"உங்க செக்‌ஷன் சண்டையை உங்க சம்சாரம் வயித்துல வெச்சு நடத்தாதீங்க தம்பி."

பூச்சுக்காரர் எழுந்துபோய்ப் பால் பாத்திரத்தை எடுத்தார், அந்த அம்மாவுக்குப் பால் பிடிக்கும் என்பதால். பாதி வழியில் நின்று, "பால்ல ஏது புளிப்பு, கிண்ணத்துலயே தோல் உரிஞ்சிடுமே" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்ப வைத்தார். ஆப்பிளை வேகவைத்து, மசித்து, வடிகட்டி, விரலால் தொட்டுப் பார்த்து, மறுபடி வடிகட்டினார். புளிப்புக்கு நாலு சொட்டு எலுமிச்சை. கடுகு உருட்டும் பசங்களின் குருணைகளைக் கடைசியில் தூவினார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

நான் அந்த அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையணை முட்டுக் கொடுத்து, தலையைச் சற்றுக் குனியவைத்தேன். ஊட்ட நான் கையை நீட்டினேன். கிண்ணத்தை அவர் தரவில்லை.

கரண்டி கிட்டே போகப் போகப் பூச்சுக்காரருடைய வாயும் திறந்துகொண்டது. ஊட்டுகிற எல்லோருக்கும் அப்படித்தான். கூழ் உள்ளே போனது. உதடுகள் மூடின. நான் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"போயிடுச்சு தம்பி" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. வெறுங்கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, வாயைப் பிளந்தபடி, அப்படியே நின்றார். அந்த அம்மா நன்றாக இருக்கும் கையைத் தூக்கி, அவர் மோவாயைத் தொட்டு, வாயை மூடிவிட்டார்.