மடியில் வெங்காயம், வழியில் பயம்

போன வெள்ளிக்கிழமை தரமணியில் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம். அங்கே பேசத்தான் போனேன். சூடேற்றாமல், இடித்தும் அரைத்தும் உரசியும் மட்டுமே நடக்கும் வேதிவினைகள்தான் தலைப்பு. மருந்து ஆய்வில் பொடிகளை எஃகுக் குண்டுகளோடு குலுக்கியே புதுப்பொருள் செய்கிறார்கள். வண்டி இன்ஜினில் உராயும் இடத்தில் ஆயிலில் கலந்த வேதிப்பொருளே பாதுகாப்புப் படலமாக மாறுகிறது. அவ்வளவு ஏன், தீக்குச்சி பற்றுவதும் உரசலில்தானே!

மதியம் 1.40க்கு லஸ்ஸில் ஆட்டோ ஏறினேன். எட்டு கிலோமீட்டர், 210 ரூபாய். ஓட்டுநர் காதர் பாய். மடியில் துணிப்பை, அதற்குள் சின்ன இடிகல். "நசுக்கிக் காட்ட ஒரு வெங்காயம் வெச்சிடு" என்று பள்ளி லேப் அட்டெண்டர் ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தேன். நசுக்கினால்தானே வெங்காயத்தில் கண்ணெரிக்கும் வாயு பிறக்கும்? அதைத்தான் முதலில் காட்ட நினைத்தேன்.

2.05க்கு அடையாறு பாலம் தாண்டியதும் ஸ்டெல்லா போனில் அழைத்தாள்.

"மிஸ், தூரமா நின்னு நசுக்குங்க. போன வாரம் பசங்ககிட்ட புடுங்கி டிராயர்ல வெச்சீங்களே, அந்த வெங்காயத்த இடிகல்லுல போட்டு, மேல குழவிய வெச்சிக் கட்டிக்கீறேன்."

வெங்காய வெடி! அதற்குத் திரியும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். ஓர் அடி போதும். அதை அன்றே போலீசில் ஒப்படைக்காமல் டிராயரில் போட்டவள் நான்தான்.

மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலை. ஒவ்வொரு பள்ளத்திலும் குழவி உள்ளே அசைவது தொடையில் தெரிந்தது. விரல்கள் இருக்குமா, கண் இருக்குமா என்பதுதான் நினைப்பு.

"பாய், மெதுவா ஓரங்கட்டுங்க."

நின்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பையை சீட்டில் வைத்தேன். ஒரு காலைச் சாலையில் ஊன்றிவிட்டேன். பாயிடம் ஒன்றும் சொல்லாமல் அப்படியே ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது.

"இன்னா மேடம், இங்கயே எறங்கிறியா? சரி, எனக்கும் மூணு மணிக்கு ஸ்கூல் புள்ளைங்கள ஏத்தணும். ஏழு பேரு."

பையில் இருப்பது என்ன என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பாய் இன்ஜினை அணைத்து, என்னைத் தூர இழுத்துப்போய், தீயணைப்புக்குப் போன் போட்டார். அவர்கள் வந்து பையை எடுத்துப்போக நாற்பது நிமிடம் ஆனது. கூட்டத்துக்கு நான் போகவில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் அடையாறு மெட்ரோ பள்ளங்களுக்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பையை நீங்களே கட்டுங்கள். பிள்ளைகளிடம் பறித்த வெடியை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள்.

கிளம்பும்போது பாய் காசு வாங்கவில்லை. "வேற ஆளா இருந்தா சொல்லாம எறங்கிப் போய்க்கினே இருப்பாங்க மேடம்" என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.