செவலை ஒதுக்கிய புல்

திருவையாறு பக்கம் எங்கள் ஊரில் வரப்புப் புல்லை யார் வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளலாம், கேட்கும் வழக்கமில்லை. போன மாசி மாதம் பக்கத்துக் கத்திரி வயல் வரப்பில் ஒரு கட்டு அறுத்துவந்து, கன்று போட்டிருந்த எங்கள் செவலைப் பசுவுக்குப் போட்டேன்.

அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் மாடு பட்டினி கிடக்கக் கூடாதே என்று, புல்லின் மேல் புண்ணாக்குத் தண்ணீரைத் தெளித்து, "தின்னுடி தங்கம்" என்று கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். தின்றது.

சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளி, கால்கள் நடுங்கி விழுந்துவிட்டது. என் சத்தம் கேட்டு ஓடிவந்த வயல்கார அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "காய்ப்புழுவுக்குக் காலையிலதான் மருந்து அடிச்சேன், தங்கச்சி. உன்கிட்ட சொல்லணும்னு தோணலையே!"

கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டும் பொழுது சாய்வதற்குள் செவலை போய்விட்டது. "மோந்துட்டு ஒதுக்கியிருக்குமேம்மா?" என்று அவர் கேட்டார். கன்று பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் அண்ணன் மருந்து அடித்தால் வரப்பில் சிவப்புத் துணி கட்டுகிறார். நானும் வயல்காரரைக் கேட்காமல் புல்லில் அரிவாளை வைப்பதில்லை. கன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்துவிட்டேன். அது ஒருமுறை முகத்தைத் திருப்பினாலும் புல்லைக் கட்டோடு அள்ளிக் குழியில் போட்டுவிடுகிறேன். புண்ணாக்குத் தண்ணீர் தெளிப்பதை அன்றோடு விட்டேன். என் பேச்சைக் கேட்டுத் தின்ற மாடு ஒன்று போதும்.