ஆட்களை ஏற்ற மாட்டன்

விஜயரத்தினம் மெல்பனில், டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் பதினெட்டு வருசமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். 2010 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ச் சங்கத்துக் கிருஷ்ணசாமி அவருடைய மல்கிரேவ் வீட்டுக்கு வந்தார்.

"அடுத்த மாசம் எங்கடை வாக்கெடுப்பு அண்ணை. தனித் தமிழீழம் வேணுமோ வேண்டாமோ எண்டு எங்கடை சனத்திட்டை ஒவ்வொரு நாடாக் கேட்டுக்கொண்டு வருகினம். இப்ப ஒஸ்ரேலியாவின்ரை முறை. உங்களிட்டை வான் நிக்குது. வயசு போன ஆக்களை ஏத்தி இறக்கினால் பெரிய உதவி."

விஜயரத்தினம் வெளியில் நின்ற வானை ஒருமுறை பார்த்தார்.

"மேசையிலை இருந்து பேர் பதியிறன். எண்ணித் தாறன். ஆக்களை ஏத்த மாட்டன்."

"வானுக்கு ஏதும் பிழையோ?"

"வான் நல்லா இருக்கு. முந்தி ஒருக்கா ஏத்தினனான். அது காணும்."

கிருஷ்ணசாமி மேலே கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த முந்தி என்பது 1977 யூலை. விஜயரத்தினத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். தமிழர் கட்சி தனிநாட்டுக்கு ஆணை கேட்டு நின்ற தேர்தல் அது. வேலை முடிந்ததும் சைக்கிளில் வீடு வீடாகப் போவார். போகாத ஒழுங்கையில்லை. அவருடைய அக்கா சிவனேஸ்வரி அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தார். அத்தான் ஈஸ்வரமூர்த்தி பயந்த சுபாவம். "நெல்லு விதைக்கிறவனுக்கு ஏன் உந்த வில்லங்கம்? நாங்கள் வரேல்லை" என்று சொல்லிவிட்டார். தேர்தல் அன்று காலை விஜயரத்தினம் ஒரு ட்ராக்டரை இரவல் வாங்கி, பெட்டியில் பதினாறு பேரை ஏற்றினார். அத்தானையும் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

வடக்கில் அந்தக் கட்சி பெருவெற்றி பெற்றது. அடுத்த மாதமே தெற்கில் கலவரம். அடிபட்ட சனம் பஸ் பஸ்ஸாகக் கிளிநொச்சிக்கு வந்து இறங்கியது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். விஜயரத்தினம் எண்பத்தெட்டில் நாட்டை விட்டு வெளிக்கிட்டு மெல்பனுக்கு வந்தார். யோகாவைக் கலியாணம் செய்தார். மகள் நிரஞ்சினி இங்கேயே பிறந்தாள். அக்கா அங்கேயே நின்றுவிட்டார். அக்காவின் மூத்த மகன் இயக்கத்துக்குப் போய் ஆனையிறவுச் சண்டையில் இறந்தான். 2009 ஏப்ரலில் ஒரு பதுங்குகுழிக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல்லில் அத்தானும் மகளும் போனார்கள். அக்காவும் கடைசி மகன் கபிலனும் முகாமுக்குள் போய், வருச முடிவில்தான் வெளியில் வந்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முதல் நாள் பின்னேரம் விஜயரத்தினம் அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, நாளைக்கு இஞ்சை ஒரு வோட். நான் போடட்டோ?"

"என்னத்துக்கு?"

"அதே விசயத்துக்குத்தான்."

மறுமுனையில் கோழி கத்துவது கேட்டது. "தம்பி, போனிலை உதுகளைக் கதையாதை. உனக்கு விருப்பமெண்டால் போடு. கபிலன் உங்கை வரப் படகு ஏறிப் பத்து நாளாச்சு. உனக்கு ஏதும் கதை வந்ததோ?"

"இல்லை அக்கா."

"வந்தால் சொல்லு. வேறை ஒண்டும் எனக்குத் தேவையில்லை."

சனிக்கிழமை வாக்கெடுப்பு மண்டபத்தில் சனம் வரிசையில் நின்றது. நிரஞ்சினிக்கு அப்போது இருபது வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம். முந்தின வருசம் சண்டை நிறுத்தம் கேட்டு நடந்த ஊர்வலம் ஒன்றையும் அவள் விட்டதில்லை. அவள் வாழ்க்கையில் போட்ட முதல் வாக்கு அதுதான். போட்டுவிட்டுத் தகப்பனின் மேசைக்கு வந்தாள்.

"Dad, நீங்கள் போட்டாச்சோ?"

"இல்லை. சனம் குறையட்டும்."

"நீங்கள் no போடப் போறீங்களோ?"

"அப்பிடியில்லைப் பிள்ளை. இதுக்கு முதல் போடேக்கை நான் யோசிக்கவே இல்லை. இண்டைக்காவது கொஞ்சம் யோசிச்சுப் போடுறன்."

அவள் பக்கத்துக் கதிரையில் இருந்து அவரோடு பேர் பதிந்தாள். மண்டபம் மூட அரை மணித்தியாலம் இருக்கும்போது விஜயரத்தினம் எழும்பிப் போய் 'ஓம்' என்பதற்கு நேரே புள்ளடி போட்டார்.

மே மாதத் தொடக்கத்தில் கபிலனிடமிருந்து போன் வந்தது. படகில் வந்தவர்களை ஒஸ்ரேலியா அடைத்துவைக்கும் கிறிஸ்மஸ் தீவில் இருந்தான். பிறகு அவனைச் சிட்னிக்கு, வில்லாவுட் தடுப்பு முகாமுக்கு மாற்றினார்கள். மாதத்துக்கு ஒருமுறை விஜயரத்தினம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறிச் சிட்னிக்குப் போய்ச் சனிக்கிழமை முழுவதும் அவனோடு இருந்துவிட்டு வருவார். முதல் மூன்று தடவையும் சாப்பாடு, வக்கீல், நித்திரை, இவற்றைத்தான் கதைத்தார்கள். நாலாம் தடவை அவரால் அடக்க முடியவில்லை.

"கபிலன், உன்னட்டை ஒண்டு சொல்ல வேணும். எழுபத்தேழிலை உன்ரை அப்பா வோட் போட வரமாட்டன் எண்டு நிண்டவர். நான்தான் ட்ராக்டரிலை இழுத்து ஏத்தினனான்."

கபிலன் அவரை வியப்போடு பார்த்தான்.

"ஆர் சொன்னது? அப்பா எங்களுக்கு வேறை மாதிரியெல்லோ சொன்னவர். தான்தான் ட்ராக்டர் பிடிச்சு ஊரையே ஏத்தினதெண்டு. நீங்கள் பின்னாலை சைக்கிளிலை வந்தனீங்களாம்."

"அத்தானோ சொன்னவர்?"

"ஓம். எத்தனை தரம். பதுங்குகுழிக்குள்ளையும் சொன்னவர். அம்மா பேசாமல் இருப்பா."

விஜயரத்தினத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கண்ணைத் துடைத்தார். தான் பலவந்தமாக ஏற்றிய மனிதர் அந்தக் காலையைத் தன்னுடையதாக்கிப் பெருமையோடு வைத்திருந்தார் என்பது முப்பது வருசமாக அவருக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கேட்க அத்தானும் இப்போது இல்லை.

"அப்ப உனக்குக் கோவமில்லையோ?" என்று கேட்டார்.

கபிலன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் தள்ளி வைத்தான். "ட்ராக்டரை ஆர் ஓட்டினால் என்ன மாமா. அண்ணா, அக்கா, நான், மூண்டு பேரும் அப்ப பிறக்கேல்லை. எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. உங்களிலையும் கோவமில்லை, அப்பாவிலையும் இல்லை. ஆனால் சில நாள் அதை நினைச்சால் நித்திரை வராது."

விஜயரத்தினம் தன் கதிரையை அவன் பக்கமாக இழுத்துப் போட்டார். நேரம் முடியும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

2012 தொடக்கத்தில் தற்காலிக விசாவில் கபிலனை வெளியில் விட்டார்கள். மல்கிரேவ் வீட்டில் முன்னறையை யோகா அவனுக்கு ஒழுங்குபண்ணிக் கொடுத்தார். டண்டினொங்கில் மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. முதல் மாதங்களில் அவனுக்கும் நிரஞ்சினிக்கும் அடிக்கடி வாய்த்தர்க்கம் வரும். அவள் கூட்டங்களுக்கு வரச்சொல்லிக் கேட்பாள், அவன் மாட்டேன் என்பான்.

"You of all people," என்றாள் ஒருநாள் குசினியில் வைத்து.

"நீ போ. நான் உன்னை மறிக்கேல்லை. அம்மா அங்கை தனிய இருக்கிறா. என்ரை படம் பேப்பரிலை வந்தால் அவவின்ரை வீட்டுக்குத்தான் ஆமி ஆக்கள் வருவினம்."

அதை அவள் யோசித்திருக்கவில்லை. அதன்பிறகு கேட்பதை விட்டுவிட்டு, அவனுடைய வழக்குக் கடதாசிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினாள். அந்த வேலையில் இருவரும் சிநேகமானார்கள்.

2013 செப்டம்பரில் ஒஸ்ரேலியப் பொதுத்தேர்தல். இங்கே பிரஜைகள் எல்லாரும் கட்டாயம் வாக்குப் போட வேண்டும். விஜயரத்தினத்துக்கு முதுகுவலி என்பதால் கபிலன்தான் காரை ஓட்டி அவரையும் யோகாவையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். அந்த வருசம் தொலைக்காட்சியில் அகதிகள் வரும் படகுகளைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. கபிலனின் விசாவுக்கோ இன்னும் முடிவில்லை.

அவர்கள் உள்ளே போக, அவன் வெளியே வேலியோரமாக நின்றான். துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்த பெண் அவனையும் வாக்காளன் என்று நினைத்து ஒன்றை நீட்டினாள். அவன் நன்றி சொல்லி வாங்கி வாசித்தான்.

விஜயரத்தினம் வெளியே வரும்போது அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன போட்டிருக்கு?"

"புது ரோட்டுப் போடுவினமாம் மாமா. பஸ்ஸும் கூட்டுவினமாம்."

அதே பிரசுரம் விஜயரத்தினத்தின் கையிலும் இருந்தது; படகுகளை நிறுத்துவோம் என்பதுதான் அதில் முதல் வரி. "நல்லது," என்றார் அவர். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் பாண் துண்டுக்குள் சுட்ட இறைச்சிச் சொசேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்று வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை யோகாவிடமும் ஒன்றை அவனிடமும் கொடுத்தார்.