தொதலுக்கு உப்புப் பார்த்த டீச்சர்

வேலிக்கு மேலாக நான் நீட்டிய கரண்டியை டீச்சர் உடனே வாங்கவில்லை. அதன் நுனியில் ஒட்டியிருந்த தொதலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார். என் சமையலுக்கு முன்னால் ஒருவர் ஆண்டவரைக் கூப்பிடுவதில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் ஊற்றிய தேநீரை என் மனைவியே பிஸ்மியைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

மகளை முந்தல் ஊரில் கட்டிக்கொடுத்த பிறகு வந்த முதல் நோன்பு அது. பெண் வீட்டிலிருந்து இனிப்புச் செய்து, சம்மந்தி வீட்டார் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் அனுப்பிவைக்க வேண்டும். மனைவியோ குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது கையில் கட்டோடு இருந்தாள். கடையில் வாங்குவோம் என்று ஒரு நல்ல யோசனை சொன்னேன். “வாங்கி அனுப்புங்க. ஒவ்வொரு நோன்புக்கும் அந்த வீட்டுல புள்ளதான் பேச்சுக் கேட்டுக்கிட்டு இரிக்கணும்” என்றாள். சம்மந்தியம்மாவின் வாயை நான் கல்யாணத்தன்றே அளந்துவிட்டிருந்தேன். ஆகவே விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு தேங்காய் துருவத் தொடங்கி, பத்து மணிக்கு அடுப்பு மூட்டினேன். தொதலுக்கான அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் முதலில் கூழாக, சாதுவாகத்தான் இருந்தன. வெயில் ஏற ஏற அது இறுகி அகப்பையைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. எண்ணெய் பிரிந்து வரும்வரை கிண்ட வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். கடல்நீர்க் களப்புப் பக்கமிருந்து வந்த காற்றும் சூடு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனைவி கதிரையில் இருந்தபடி, “கிண்டுங்க, கிண்டுங்க, தூங்காதீங்க” என்று ஓதிக்கொண்டிருந்தாள்.

தொதலுக்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டும். மூன்றாவது மணித்தியாலத்தில், உப்புப் போத்தல் மூடி திறந்தபடி இருப்பதைக் கண்டேன். போட்டேனா? போட்டது போலவும் இருந்தது, போடாதது போலவும் இருந்தது, மூன்று தரம் போட்டது போலவும் இருந்தது. “உப்பு வெளயிற ஊருல பொறந்த மனிசனுக்கு உப்புப் போட்டது தெரியாதா?” என்றாள் மனைவி. அவளும் நோன்பு, நானும் நோன்பு, வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இல்லை. தேவையென்றால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பலாம், நோன்பு முறியாது என்று மௌலவி சொல்லியிருக்கிறார்தான். ஆனால் என் வாய்க்குள் போன இனிப்பு திரும்பி வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. நாலு மணிக்கு ஆட்டோ வந்துவிடும். உப்புக் கரித்த தொதலைச் சம்மந்தியம்மா முந்தல் முழுக்கப் பங்குவைப்பதும், மகள் அறைக்குள் இருந்து அழுவதும் என் கண்ணுக்கு முன்னால் ஓடின. கரண்டியோடு வேலிக்கு ஓடினேன்.

டீச்சர் யுத்த காலத்தில் மன்னார்ப் பக்கமிருந்து இரண்டு பைகளோடு வந்தவர். இங்கேயே படிப்பித்து, ஓய்வு பெற்று, பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். நோன்பு மாதத்தில் எங்கள் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது அவர்தான். அன்றும் கண்ணை மூடிச் சுவைத்தார்.

“உப்பு ஒருக்காத்தான் விழுந்திருக்கு தம்பி. பயப்பிடாம அனுப்புங்கோ. நூற்றுக்கு எழுபது.”

“முப்பது எங்க போச்சு டீச்சர்?”

“கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு. உங்கட முகத்திலயும் அது தெரியுது.”

மறுநாள் சம்மந்தியம்மா தொலைபேசியில் என் மனைவியின் கைப்பக்குவத்தை மெச்சினார். கட்டுப் போட்ட கையோடு அவள் அதைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டாள்.

பெருநாளன்று டீச்சருக்கு ஒரு பெட்டி இனிப்புக் கொண்டுபோனேன். திறக்காமலே அலுமாரிக்குள் வைத்தார். “ஈஸ்டர் வரட்டும் தம்பி. தவக்காலத்தில நான் இனிப்புத் தொடுறேல்ல. சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான்.” வேலிக்கு மேலாக நான் நீட்டிய கரண்டி ஞாபகம் வந்தது. அந்த வருடம் எங்கள் நோன்பும் அவருடைய தவக்காலமும் சேர்ந்தே வந்திருந்தன. அவர் சிலுவை போட்டது என் சமையலுக்குப் பயந்து அல்ல. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்க ஈஸ்டரன்று போனபோது மேசையில் கேக் வெட்டாமல் இருந்தது. அவர் சீனி போடாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இன்னும் ஒரு நாள் கிடக்கு. விட்ட நோன்பை நீங்கள் பிறகு பிடிக்கிறனீங்கள்தானே, களா எண்டு? இது என்ர களா.”

“சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“சொன்னா நீங்கள் கரண்டியைத் திருப்பிக் கொண்டு போயிருப்பீங்கள். பிள்ளைக்கு அந்த வீட்டில அது முதல் நோன்பு.”



போன டிசம்பரில், நத்தாருக்கு முன்னால், டீச்சர் மௌத்தாகிவிட்டார்; அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. இந்த வருடமும் இரண்டு நோன்பும் சேர்ந்தே வந்தன. மனைவியின் கை எப்போதோ சுகமாகிவிட்டது. அகப்பை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. தொதலை உப்புப் பார்க்காமலே அனுப்பினேன். முந்தலிலிருந்து குறையொன்றும் வரவில்லை. ஈஸ்டரன்று காலையில் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றேன். “என்னா, டொக்டர் ஏசிட்டாரா?” என்றாள் மனைவி. ஓம் என்று பொய் சொன்னேன். முப்பது நோன்பு பிடித்த மனிதன். பகல் பன்னிரண்டு மணிக்கே களைத்துப்போய், சீனிப் போத்தலைப் பார்க்காமல் இருக்க முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். டீச்சர் இப்படித் தவக்காலத்துக்கு நாற்பதும் என் கரண்டிக்காக ஒன்றுமாக, நாற்பத்தொரு நாள் இருந்திருக்கிறார்.