8080-இல் ஒரு வரி

எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் சும்மா போய்விட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினால் ராஜபாளையம் அரை மணி நேரப் பயணம். அதற்கே கிளம்பும்போது ஒரு போன், சேர்ந்ததும் ஒரு போன். மறந்துவிட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றுவிடுவாள். அப்பா போன பிறகு இது இன்னும் அதிகமானது.

தம்பிக்கு மதுரையில் வேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பைக்கில் வீட்டுக்கு வருவான். போன் செய்து செய்து சலித்துப் போய் அவனே ஒரு வலைப்பக்கம் செய்தான். அதில் இரண்டே பட்டன்கள்: கிளம்பிட்டேன், சேர்ந்துட்டேன். கீழே அம்மாவுக்கு, எனக்கு, அவனுக்கு என்று ஆளுக்கொரு வரி. கடைசியாக எதை அழுத்தினோமோ அது கிழமையோடும் நேரத்தோடும் நிற்கும். அம்மாவின் போனைத் திறந்ததும் முதலில் தெரியும்படி அதை வைத்துக் கொடுத்தான்.

அந்தப் பக்கத்தை ஓட்டும் சர்வரைத் தன் பழைய லேப்டாப்பில் போட்டு, ராஜபாளையத்தில் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு.

"அக்கா, இத அணைச்சிராத. மூடி வச்சாலும் ஓடும்."

"ஏலே, நானும் வீட்டுல இருந்து வேல பாக்கணும்ல. இதுல நான் எதுவும் ஓட்டக்கூடாதா?"

"எம்புட்டு வேணா ஓட்டு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற போர்ட் நம்பர் குடு. ரெண்டும் ஒரே நம்பரக் கேட்டா, ரெண்டாவதா வந்தது நின்னுரும்."

"எனக்குத் தெரியாதாக்கும். உனக்கு முன்னாடி படிச்சவ நான்."

"படிச்சவதான். அதான் பயமா இருக்கு."

சிரித்துக்கொண்டே ஒரு சிறு தாளில் '8080 அம்மா' என்று எழுதி லேப்டாப் மேல் ஒட்டிவிட்டுப் போனான்.

என் மகளின் காதுகுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையில் அவன் சட்டையெல்லாம் நனைந்தது. அன்று மாலை லேப்டாப்பைத் திறந்து, சர்வரை நிறுத்தி, ஏதோ திருத்தி, மறுபடி ஓடவிட்டான். அவன் அதைத் தொட்டது அதுதான் கடைசி.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5.42-க்கு 'கிளம்பிட்டேன்' அழுத்தினான். மழை பெய்தது. கிருஷ்ணன்கோவில் வருவதற்கு முன்னால் லாரி.

அவன் வரி அப்படியே நின்றது. கிளம்பிட்டேன், வெள்ளி, மாலை 5.42. அதை எடுத்துவிடலாம் என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். நான் எடுக்கவில்லை. அம்மா தினமும் காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஏழெட்டு மாதங்கள் கழித்து, செட்டியார்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கும் பக்கம் ஒன்று செய்து கொடுக்கும் வேலை வந்தது. குழந்தை பிறந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை. என்னுடைய கணினி அந்த வாரம் பழுதாகிவிட்டது. அதனால் தம்பியின் லேப்டாப்பிலேயே வேலை செய்தேன். மேலே ஒட்டியிருந்த தாளை மகள் எப்போதோ உரித்துவிட்டிருந்தாள். திரும்ப ஒட்ட வேண்டும் என்று மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். ஒட்டவில்லை.

கம்பெனிக்குப் பக்கத்தைக் காட்ட வேண்டிய நாளன்று மகளுக்குக் காய்ச்சல். இடுப்பில் அவள், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். பதினோரு மணிக்குள் பக்கம் தயாராகிவிடுமா என்று கம்பெனிக்காரர் கேட்கிறார். அந்த லேப்டாப்பில் முதல்முறையாக என் சர்வரை ஓட்டினேன். 8080 ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சிவப்பில் வந்து நின்றுவிட்டது.

யார் அந்த எண்ணைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். நானும் தம்பியும் எழுதுவது ஒரே மொழியில்தான். ஆகையால் ஓடும் நிரல்களின் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில்தான் தெரியும். அவசரத்தில் இரண்டு முறை ஓட்டிவிட்டேன், எண்ணைப் பிடித்திருப்பது முதலில் ஓட்டிய என்னுடையதுதான் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததா என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நிரலை முறையாக நிறுத்த ஒரு கட்டளை உண்டு. அது உள்ளே வேலையை முடித்துக்கொண்டு நிற்கும். எதையும் கேட்காமல் அப்படியே வெட்டிவிடும் கட்டளையும் உண்டு. அவசரத்தில் என் கை இரண்டாவதற்குத்தான் பழகியிருந்தது.

பேண்டேஜ் பக்கம் நன்றாக வந்தது. கம்பெனிக்காரர் சந்தோஷப்பட்டார். மதியம் மகளுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்த பிறகுதான் '8080 அம்மா' என்ற அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் என் சர்வரை 8081-க்கு மாற்றினேன். ஒரே ஒரு எண். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தம்பியுடையதை மறுபடி 8080-இல் ஓட்டினேன். பக்கம் வந்தது, மூன்று வரிகளும் வந்தன. அப்பாடா என்று மூடிவிட்டேன். வரிகளைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா அழைத்தாள்.

"ஏட்டி, தம்பி வரி மாறிருக்கு."

"என்னம்மா மாறிருக்கு?"

"சேர்ந்துட்டேன்னு இருக்கு. ஞாயித்துக்கெழம, காலையில ஒம்பது இருவது. நீ மாத்துனியா?"

"இல்லம்மா. பாத்துட்டுச் சொல்லுதேன்."

பார்த்தேன். அவன் எழுதியிருந்த நிரலை வரிவரியாகப் படித்தேன். நாங்கள் அழுத்துவதையெல்லாம் அது கணினியின் தற்காலிக நினைவில் மட்டும் வைத்திருக்கும். முறையாக நிறுத்தும்போதுதான் கோப்பில் எழுதும். கோப்பில் கடைசியாக எழுதியது காதுகுத்து அன்று. காதுகுத்துக்கு வந்து சேர்ந்ததும் என் வீட்டு வாசலில் நின்று அழுத்திய 'சேர்ந்துட்டேன்' அதில் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நினைவில் மட்டும்தான் இருந்தது. நான் வெட்டியதோடு அது போய்விட்டது.

இரண்டு நாட்கள் எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா? அவன் சேர்ந்துவிட்டதாகக் காட்டுவது அவளுக்கு ஆறுதலாக இருக்கக்கூடாதா? ஆறுதல் என்று நான் சொல்லிக்கொள்வது என் தப்பை மறைக்கத்தானா? குழம்பில் உப்புப் போட்டேனா என்றுகூடத் தெரியாமல் இரண்டாம் முறையும் போட்டேன். மூன்றாம் நாள் மகளைத் தூக்கிக்கொண்டு, 'கிளம்பிட்டேன்' அழுத்திவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

அம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போர்ட் நம்பர், நிரல் எல்லாம் அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "நான்தான் அழிச்சுட்டேம்மா" என்றது புரிந்தது.

"வேணும்னா செஞ்ச?" என்றாள். பிறகு, "பிள்ளைக்குக் காச்ச விட்டுருச்சா?" என்று கேட்டாள்.

"விட்டுருச்சு."

ஒரு மொச்சையை உரித்துப் பேத்தி கையில் கொடுத்தாள்.

"அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும்ட்டி. நான் ஒண்ணும் கூறு கெட்டவ இல்ல. ஆனா காலையில அதப் பாக்கும்போது, கிளம்பிட்டான், இன்னும் வழியிலதான் இருக்கான்னு இருக்கும். செத்த நேரந்தான். பொறவு எந்திச்சு காப்பி போடுவேன்."

"பழையபடி மாத்திரட்டுமாம்மா? நேரம் எனக்கு மனப்பாடம். அஞ்சு நாப்பத்திரெண்டு."

"எனக்கு மட்டும் மறந்துருமா?" என்றாள். முறத்தைத் தட்டித் தொலியை ஒதுக்கினாள். "வேண்டாம். நீ எழுதுனா அது நீ எழுதுனதுதான."

சாப்பிட்டேன். சாயங்காலம் பலகாரம் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

இப்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தம்பியுடையது 8080. பேண்டேஜ் கம்பெனி 8081. புதிதாக வந்த ஒரு பள்ளிக்கூட வேலை 8082. எது எந்த எண்ணில் என்று ஒரு நோட்டிலும் எழுதி, சுவரிலும் ஒட்டியிருக்கிறேன், மகளுக்கு எட்டாத உயரத்தில். அழுத்திய உடனே கோப்பில் எழுதும்படி தம்பியின் நிரலையும் திருத்திவிட்டேன். கரண்டு போனாலும் இனி ஒன்றும் அழியாது.

யார் எப்போது பக்கத்தைத் திறந்தார்கள் என்று சர்வர் ஒரு பதிவு வைத்திருக்கும். பழைய நாட்களைப் புரட்டினால் தினமும் காலை ஐந்தே முக்காலில் இருந்து ஆறுக்குள் அம்மாவின் போன் இருக்கிறது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் போய்ச் சொன்னதற்கு மறுநாளில் இருந்து இல்லை. சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ என்று, அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன். ஆனாலும் தினமும் பார்க்கிறேன்.

போன வாரம் அம்மாவைப் பார்த்துவிட்டு ராஜபாளையம் திரும்பினேன். செருப்பைக் கழற்றும் முன்னே 'சேர்ந்துட்டேன்' அழுத்தினேன். மகளுக்குக் கை கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சேர்ந்துட்டியாட்டி?" என்றாள் அம்மா.