மதரைக் கேட்காமல் திறந்த கேட்

சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முழந்தாளிட்டுப் பெர்மிஷன் கேட்டவள் நான். வேறு யாராவது எழுதிவிடுவதற்கு முன்னால் இதை நானே எழுதிவிடுவது நல்லது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் சபையின் இளம் சிஸ்டர்களுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதில் 'துறவற வாழ்வில் பொறுப்புள்ள சுதந்திரம்' என்று ஒரு தலைப்பு. புத்தகம் படிக்கிறவள் என்ற கெட்ட பெயர் எனக்கு ஏற்கெனவே இருந்ததால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் நேராக எங்கள் மடத்துத் தலைவியின் அறைக்குப் போனேன். அவரை நாங்கள் மதர் என்போம். கதவைத் தட்டி, உள்ளே போய், முழந்தாளிட்டு, "மதர், சுதந்திரத்தப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன்.

மதர் தலையணை உறைக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேசுங்க. அரை மணிக்கு மேல வேணாம்" என்றார்.

பேசினேன். மனச்சாட்சியின் குரலை எந்த மணியோசையாலும் அடக்க முடியாது என்ற வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது மணி அடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நல்ல கைதட்டல். அங்கே யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் இன்று என்னைப் பயமுறுத்துகிறது. நானும் சிரிக்கவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் பெர்மிஷன் விவகாரம் புரியாது. சோப்பு தீர்ந்தால் கேட்க வேண்டும். செருப்பு அறுந்தால் கேட்க வேண்டும். பல் வலித்தால் வலிக்கலாம். டாக்டரிடம் போகத்தான் கேட்க வேண்டும். மாதத் தியான நாளில் வரிசையாக நின்று பழைய பெர்மிஷன்களைப் புதுப்பித்துக்கொள்வோம். ஒரு பள்ளிக்கூடத்தையே கண்பார்வையில் அடக்குகிற பெண்கள் பற்பசைக்காக முழங்காலில் நிற்கிற காட்சி, பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். அதில் ஓர் அழகு இல்லாமலும் இல்லை. எதுவும் என்னுடையது இல்லை என்பதை உடம்பு மறக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதற்குள் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது. எதுவும் என்னுடையது இல்லை என்றால் எந்தத் தப்பும் என்னுடையது இல்லை. எதுவானாலும் 'மதரைக் கேளுங்க' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். நான் நன்றாகத் தூங்கினேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னச் சந்தும் உண்டு. மதர் ஊரில் இல்லாதபோது அவசரமாக ஏதாவது செய்ய வேண்டி வந்தால், அவர் இருந்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டு செய்யலாம். அவர் திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும். 'கொடுத்ததாக எண்ணிக்கொண்ட பெர்மிஷன்' என்று அதற்குப் பெயர். எங்கள் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியங்களில் பாதி அந்தச் சந்து வழியாகத்தான் நடந்தது.

எங்கள் மடம் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையைத் தாண்டி இருந்தது. பள்ளிக்கூடம், பெண்கள் ஹாஸ்டல், சுற்றி மதில், முன்னால் இரும்பு கேட். ஹாஸ்டல் என் பொறுப்பு. ஆகவே கேட் சாவியும் என்னிடம். சாயங்காலச் செபத்துக்கு மணி அடித்தால் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். நான் அங்கே போன புதிதில் பௌர்ணமிக்கு நடக்கிறவர்கள் சொற்பம். பிறகு ஸ்பெஷல் பஸ் விட ஆரம்பித்தார்கள். போளூர், ஆரணி, திண்டிவனம், விழுப்புரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனம். பூட்டிய கேட்டுக்கு வெளியே ரோடே நகர்வது போல இருக்கும். ஆண்களுக்குப் பிரச்சினையில்லை, மலையைச் சுற்றி எல்லா இடமும் அவர்களுக்குக் கழிப்பறைதான். பெண்களுக்கு இருந்த புதர்களையும் கடைக்காரர்கள் வெட்டிக் கடை போட்டுவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்த மாதம், பௌர்ணமியன்று கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி.

"சிஸ்டரம்மா, உள்ள பாத்ரூம் இருக்குதா?"

"இருக்குது. கொஞ்சம் நில்லுங்க, மதரக் கேட்டுட்டு வந்துடறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாமா நீ, நிக்க முடிஞ்சா நான் ஏன் கேக்கப்போறேன்?"

நான் கேட்கத்தான் ஓடினேன். மதர் செபத்தில் இருந்தார். செப நேரத்தில் பேசக்கூடாது. காத்திருந்து, கேட்டு, அவர் யோசித்து, நான் பதிலோடு திரும்பி வந்தபோது கேட்டில் யாரும் இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. மதரின் பதில் 'வேணாம்' என்பதுதான்.

மதர் கல்நெஞ்சக்காரர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவை. "ஹாஸ்டல்ல பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க. கெணத்துல தண்ணி கம்மி. ஒருத்திக்குத் தொறந்தா ஊருக்கே தொறக்கணும். நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுனா யாரு சிஸ்டர் பதில் சொல்றது?"

மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. கடைசிக் கேள்வி மட்டும் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. யார் பதில் சொல்வது? அரை மணி நேரம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியவளுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை. எதிலிருந்து விடுபடுவது என்று மேற்கோள்களாக அடுக்கியிருந்தேன். எதற்காக மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு வரிகூட இல்லை.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. வருடத்தில் கூட்டம் மிக ஜாஸ்தியான நாள். கோடை விடுமுறை, ஹாஸ்டலில் ஒரு பிள்ளையும் இல்லை. மதர் எங்கள் சபையின் மாகாணத் தலைமை இல்லத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மடத்தில் நானும், சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த சிஸ்டரும் மட்டும். மத்தியானமே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். வகுப்பிலிருந்து ஒரு கரும்பலகையைக் கழற்றிவந்து 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதினேன்.

"மதர் சொன்னாங்களா?" என்றார் மூத்த சிஸ்டர்.

"சொல்லல."

"கேட்டியா?"

"கேக்கல."

"அப்ப நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை எடுத்து வந்து, எல்லாம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டு, செபமாலையோடு உட்கார்ந்தார்.

செபத்துக்கு மணி அடிக்கிற நேரத்துக்குக் கேட்டைத் திறந்து வைத்தேன். முதலில் ஒருவரும் வரவில்லை. திறந்த கேட்டை விடச் சந்தேகத்துக்குரிய பொருள் உலகத்தில் இல்லை. பிறகு ஆரணிப் பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் தயங்கி நின்றார்கள்.

"எவ்ளோமா?"

"காசெல்லாம் வேணாம்."

"காசு வேணாமா?" அவர்களில் வாயாடியாக இருந்தவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப மதம் மாறச் சொல்லுவாங்கடி."

"நல்லாத் தண்ணி ஊத்திட்டுப் போனாப் போதும்" என்றேன்.

அவள் சிரித்தாள். அதன்பிறகு வரிசை ரோடு வரை போய்விட்டது. பெண்கள் கூந்தலிலிருந்து பூவைக் கழற்றி ஒருத்தி மற்றவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். "மத்தியானத்துலருந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கல சிஸ்டரம்மா, எதுக்குனு உங்களுக்கே தெரியும்" என்று ஒரு கல்லூரிப் பெண் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் எங்கள் பானையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். 'அரோகரா' சத்தமும் பக்கத்து நாற்காலியின் 'அருள் நிறைந்த மரியே'யும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் போய்க்கொண்டிருந்தன. ஆண்டவர் அன்றைக்கு எங்கள் மடத்தில் இருந்தார் என்றால் கோயிலுக்குள் அல்ல, வரிசையில்தான் நின்றிருப்பார் என்று அப்போதே நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். இறையியல் படித்தவர்கள் யாராவது என்னைத் திருத்த விரும்பினால், அடுத்த பௌர்ணமிக்கு வெறும் வயிற்றில் அல்ல, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பாதையை ஒரு சுற்று நடந்துவிட்டு வரட்டும்.

சுதந்திரம் அதோடு முடிந்தது. மறுநாள் காலையில் பொறுப்பு ஆரம்பித்தது. அதற்கு ஒரு வாசனை உண்டு என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு குழாயின் திருகு கையோடு வந்துவிட்டிருந்தது. ஓர் அறை அடைத்துக்கொண்டிருந்தது. குச்சியை விட்டுக் கிளறினால் ஒரு முழம் கதம்பம். தண்ணீர் மொள்ளும் மக்குகளைக் காணவில்லை. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பினாயிலும் தென்னந்துடைப்பமுமாக நானே கழுவினேன். வேறு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. திறந்தவள் நான். என் துறவற வாழ்க்கையில் யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், முழுக்க முழுக்க என்னுடையது என்று நான் செய்த முதல் வேலை அதுதான்.

மதர் திரும்பி வந்தார். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. அறைக்குக் கூப்பிட்டார். வழக்கம்போல முழந்தாளிடப் போனவளை, "நில்லுங்க, பரவால்ல" என்றார். அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது.

"நான் ஊருல இல்ல. அவசரம். இருந்திருந்தா சரினு சொல்லியிருப்பேன்னு நெனச்சுட்டீங்க. அப்படித்தானே?"

நான் நுழைந்து தப்பிக்க அந்தச் சந்தின் வாயை அவரே திறந்து, விளக்கும் ஏற்றி வைத்திருந்தார். ஆமாம் மதர் என்றால் போதும். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்டைத் திறப்பதும் அதோடு முடிந்திருக்கும். மே மாதம் மாற்றல் போடுகிற மாதம். ஆமாம் என்று சொல்லாவிட்டால் நான் எங்கே போய் விழுவேன் என்பது இருவருக்கும் தெரியும். அந்த ஹாஸ்டல் பிள்ளைகளையும், ஜன்னலைத் திறந்தால் நிற்கிற மலையையும் விட்டுப் போக எனக்கு மனமில்லை.

"இல்ல மதர். நீங்க வேணாம்னுதான் சொல்லுவீங்கனு தெரியும். தெரிஞ்சேதான் தொறந்தேன்."

தலையணை உறையில் ஓடிக்கொண்டிருந்த ஊசி நின்றது.

"கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு குடுத்தீங்களே?"

"குடுத்தேன் மதர். என் மனசார நானேதான் குடுத்தேன், யாரும் கையப் பிடிச்சு எழுதல. ஆனா மனச்சாட்சிய சோப்போட சேத்து ஒப்படைச்சிடலியே. கடைசித் தீர்ப்பு நாள்ல ஆண்டவர் என்னக் கேட்டா, 'மதரக் கேளுங்க ஆண்டவரே'னு சொல்ல முடியுமா?"

"அப்ப அடுத்த பௌர்ணமிக்கும் தொறப்பீங்க."

சாவியை மேசைமேல் வைத்தேன். "இத நீங்க வாங்கிக்கிட்டா நான் தொறக்க மாட்டேன். கெணத்துல தண்ணி கொறஞ்சாலும், கொழா ஒடஞ்சாலும், புள்ளைங்களுக்கு ஒண்ணுனாலும் இப்ப நான் பதில் சொல்றேன். சாவி உங்ககிட்ட இருந்தா, கேட்டுல வந்து நிக்கறவங்களுக்கு நீங்க பதில் சொல்லணும் மதர்."

மதர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தலையணை உறையை எடுத்துக்கொண்டார். "கொழாவ சரி பண்ணுங்க" என்றார். சாவியைத் தொடவில்லை.

அந்த மாதக் கடைசியில் எங்கள் மாகாணத் தலைவி மாற்றல் உத்தரவுகளோடு வந்தார். டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அவர் முன்னாலும் அதையே சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "உங்கள எங்க போடறதுனு தெரியல சிஸ்டர்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். உத்தரவுகளை வாசித்தார்கள். என் பெயர் வரவில்லை. பெட்டியைப் பிரித்தேன்.

அதன்பிறகு பௌர்ணமிதோறும் கேட் திறந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் இருக்கும் மாதங்களில் நடுவில் ஒரு தட்டி வைத்து அடைத்தோம். கழுவுவது என் வேலை. சில மாதங்களில் மற்ற சிஸ்டர்களும் கூட வந்து கழுவினார்கள், பல மாதங்களில் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. தண்ணீர் இல்லாத ஓர் ஆடியில் திறக்க முடியாமல் போய், கேட்டில் நின்று ஒவ்வொருவரிடமும் நானே முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொன்னேன். திறப்பதை விட அது கஷ்டமாக இருந்தது. பாதையில் அரசாங்கமே கழிப்பறைகள் கட்டிய பிறகுதான் எங்கள் வரிசை குறைந்தது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் வருத்தப்படவில்லை. கீழ்ப்படியாதவள் என்று யாராவது இன்றும் சொல்வதாக இருந்தால் சொல்லிக்கொள்ளட்டும். பினாயில் கையோடு வந்து சொன்னால் உட்கார்ந்து பேசலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வயதாகி முதிய சிஸ்டர்களின் இல்லத்தில் இருந்த மதரைப் பார்க்கப் போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது, ஊசியை விட்டுவிட்டார். நானும் உட்கார்ந்து உரித்தேன். பல வருடங்களாக மனதில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன். என் வாயால் என்னைப் புகழாமல், அவர் வாயால் கேட்க வேண்டும் என்ற ஆசை.

"மதர், அன்னிக்கு நான் அவ்ளோ பேசியும் என்ன ஏன் மாத்தல?"

"யாரு சொன்னது? மாத்தச் சொல்லிட்டுத்தான் நான் சும்மா இருந்தேன்" என்றார் மதர், பூண்டுத் தோலை ஊதிவிட்டு. "எல்லா மடத்துலயும் கேட்டுப் பாத்தாங்க சிஸ்டர். உங்கள எடுத்துக்க ஒருத்தரும் ஒத்துக்கல."