குழியில் கொட்டிய வெல்லம்

கிணத்துக்கடவு தாண்டியதும் பஸ்ஸின் டயர் பஞ்சர். கேசட் பாட்டும் நின்றுவிட, சாலையோரத் தோட்டத்திலிருந்து ஏதோ புளித்த வாசம் வருகிறது. மூக்கு இழுத்த பக்கம் போகிறேன். நடுவயதுப் பெண் ஒருவர் குழியை மூடியிருந்த மண்ணையும் பிளாஸ்டிக் தாளையும் விலக்குகிறார். உள்ளே மாட்டுத் தீவனத்துக்காக நறுக்கிப் புதைத்த சோளத்தட்டு, எலுமிச்சை ஊறுகாயின் நிறத்தில்.

“இதுல என்னங்க ஊத்தியிருக்கீங்க?”

“வெல்லத்தண்ணிங்க, கூடக் கொஞ்சம் மோருங்க. வெறும் தட்டு சரியாப் புளிக்காதுங்க, பூசணம் புடிச்சுப்போடும். பாலுக்கு ஒறை ஊத்தற மாதிரித்தானுங்க.”

“மனுசன் திங்கற வெல்லத்தக் குழியில கொட்டிப்போட்டாளுங்க” என்கிறார் மாட்டைப் பிடித்து நிற்கும் கணவர். மழை பொய்த்த வருடம். மாடு இதைத் தின்னாவிட்டால் சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டுமாம்.

மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. கணவர் என்னைப் பார்க்கிறார். அந்தப் பெண் பதறவில்லை. சோளத்தட்டைக் காற்றாட உதறிப் போட்டு, நெடி அடங்கியதும் மறுபடி வைக்கிறார். மாடு ஒரு வாய் எடுக்கிறது. அப்புறம் தலையே நிமிரவில்லை.

பஸ் ஹார்ன் அடிக்கிறது. ஓடுகிறேன். பின்னால் கணவரின் குரல், சற்றுத் தணிவாக:

“ஏனம்மணி, அடுத்த குழிக்கு வெல்லம் எத்தன வேணும்?”